மேகக் கணினியில் ஒரு பூட்டிய அறை
மூன்றாம் ஆண்டு, கம்ப்யூட்டர் பிரிவு மாணவி



இன்று கம்ப்யூட்டர் நுழையாத துறையே இல்லை என்றால் அது மிகையாகாது. செல்போனில் ஒரு தட்டு தட்டினால் வங்கிக் கணக்கு வருகிறது, ரயில் டிக்கெட் வருகிறது. இதற்குப் பின்னால் எங்கோ ஒரு கட்டிடத்தில் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றை வாடகைக்கு எடுத்து வேலை வாங்குவதைத்தான் கிளவுட் என்கிறோம். அந்தக் கிளவுடுக்குள் நடக்கும் ஒரு கோளாறைப் பற்றியே இந்தக் கட்டுரை. புரோகிராம் சரியாக இருக்கிறது. டேட்டாபேஸும் சரியாக இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒன்றோடு ஒன்று பேச மாட்டேன் என்கிறது! ஃபைனல் இயர் புராஜெக்ட் செய்கிறவர்கள் என்றைக்காவது ஒருநாள் இதில் வந்து முட்டாமல் போக மாட்டார்கள்.

முதலில் சர்வர்லெஸ் என்றால் என்ன? சர்வரே இல்லை என்று அர்த்தம் அல்ல. நம் நாஞ்சில் நாட்டுக் கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வருஷம் முழுக்க சமையல்காரரை யாரும் சம்பளத்துக்கு வைப்பதில்லை. விசேஷத்துக்கு முந்தின நாள் தவசிப்பிள்ளை வருவார், ஆக்குப்புரையில் சமைப்பார், பந்தி முடிந்ததும் கூலியை வாங்கிக்கொண்டு போய்விடுவார். சர்வர்லெஸ் புரோகிராமும் இப்படித்தான். யாராவது ஆப்பைத் திறந்தால் உடனே எழுந்து ஓடும், வேலை முடிந்ததும் அடங்கிவிடும். ஓடிய நேரத்துக்கு மட்டும் காசு. அமேசான் கம்பெனி 2014 நவம்பரில் அறிவித்த லாம்ப்டா இதில் பெயர் பெற்றது. கூகுளில் கிளவுட் ரன், மைக்ரோசாஃப்டில் அஷ்யூர் ஃபங்ஷன்ஸ் என்று இருக்கின்றன. நமக்குப் பக்கத்தில் தென்காசி மத்தளம்பாறையில் ஆபீஸ் வைத்திருக்கும் ஜோஹோ கம்பெனிக்கும் கேட்டலிஸ்ட் என்ற சர்வர்லெஸ் சேவை உண்டு.

நாங்கள் மூன்று பேர் சேர்ந்து புராஜெக்டுக்கு எடுத்துக்கொண்டது ரப்பர் கணக்கு. என் அப்பா பால்வெட்டுத் தொழிலாளி, அம்மா முந்திரி ஆலைக்குப் போகிறாள். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். ஊர்ப் பக்கத்தில் இருக்கிற ரப்பர் உற்பத்தியாளர் சங்கத்தில் ஷீட் எடை, கிரேடு, கொடுக்க வேண்டிய தொகை எல்லாம் நோட்டில்தான் எழுதுவார்கள். அதைச் செல்போனில் எழுதி, உறுப்பினர் தன் கணக்கைத் தானே பார்க்கும்படி செய்ய வேண்டும் என்பது திட்டம். அப்பாவிடம் சொன்னபோது, "மக்களே, மேகத்துல கணக்கு எழுதினா மழ பெஞ்சா கரைஞ்சு போவாதா?" என்று கேட்டார். மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, கூலியும் இல்லை. அவருக்கு மேகம் என்றால் அந்தக் கவலைதான் முதலில் வரும்.

சங்கக் கணக்கு என்றால் வெறும் எடை மட்டும் இல்லை. ஒவ்வொருவரின் பெயர், போன் நம்பர், வங்கிக் கணக்கு எண் எல்லாம் அதற்குள் வந்துவிடும். எனவே டேட்டாபேஸைத் தனி அறையில் பூட்டி வைக்க வேண்டும் என்று எங்கள் கைடு சார் முதல் நாளே சொல்லிவிட்டார்.

அந்தப் பூட்டிய அறைக்குப் பெயர் வி.பி.சி. கிளவுட் கம்பெனியின் பெரிய நெட்வொர்க்குக்குள் நமக்கென்று வேலி கட்டிப் பிரித்துத் தரும் தனி இடம். அமேசான் 2016 ஜூனில் மும்பையிலும், 2022 நவம்பரில் ஹைதராபாத்திலும் தன் டேட்டா சென்டர் வட்டாரங்களைத் திறந்தது. மும்பை வருவதற்கு முன் அந்தக் கம்பெனியில் நமக்குப் பக்கம் என்றால் சிங்கப்பூர்தான். நாங்கள் மும்பையைத் தேர்ந்தெடுத்து, வி.பி.சி.க்குள் பிரைவேட் சப்நெட் என்ற பகுதியில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை வைத்தோம். அதற்கு வெளி உலக முகவரி கிடையாது. நம் லேபில் 192.168 என்று தொடங்கும் முகவரிகளைப் பார்த்திருப்பீர்களே, அதே ஜாதிதான். 10, 172.16 முதல் 172.31 வரை, 192.168 என்று தொடங்கும் முகவரிகள் உள்ளுக்குள் மட்டும் புழங்குவதற்கு என்று 1996-ல் வந்த ஆர்.எஃப்.சி. 1918 என்ற விதி ஒதுக்கி வைத்திருக்கிறது. இன்டர்நெட்டில் அந்த முகவரியைத் தேடி யாரும் வர முடியாது.

லேப் மெஷினில் புரோகிராம் ஜம்மென்று ஓடியது. லாம்ப்டாவில் ஏற்றியதும், "டாஸ்க் டைம்டு அவுட் ஆஃப்டர் 3.00 செகண்ட்ஸ்" என்று ஒரே வரி. திரும்பத் திரும்ப அதே வரிதான். சங்கச் செயலாளர் வேறு தினமும் போன் பண்ணிக் கேட்கிறார்.

திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கும் சீனியர் அண்ணன் ஒருவரிடம் கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே, "ஏ பிள்ளே, இதுக்குப் போயா ராவெல்லாம் முழிச்சிருக்கே? டேட்டாபேஸை பப்ளிக் ஆக்கிப் போடு. எல்லா அட்ரஸையும் அனுமதின்னு ஒரு ரூல் போடு. ரெண்டு நிமிஷத்துல ஓடும்" என்றார்.

ஓடும் என்பது உண்மைதான். ஆனால் கடைவரம்பு வயலுக்குத் தண்ணீர் வரல்லே என்பதற்காகப் பேச்சிப்பாறை அணையின் கரையை வெட்டிவிடச் சொல்வது போன்ற யோசனை இது. வி.பி.சி.க்கு வெளியே ஓடும் லாம்ப்டாவுக்கு நிலையான முகவரி கிடையாது. எனவே "இந்த ஒரு ஆளை மட்டும் விடு" என்று ரூல் எழுத வழியில்லை, உலகம் முழுவதையும் விட வேண்டும். இன்டர்நெட்டில் திறந்து கிடக்கும் டேட்டாபேஸ்களைத் தேடி இரவும் பகலும் புரோகிராம்கள் அலைகின்றன. 2017 ஜனவரியில் பாஸ்வேர்டு இல்லாமல் திறந்து கிடந்த பல்லாயிரம் மோங்கோ டிபி டேட்டாபேஸ்களை யாரோ துடைத்து எடுத்துவிட்டு, பிட்காயின் கொடுத்தால் திருப்பித் தருகிறோம் என்று சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். நாங்கள் பாஸ்வேர்டு வைத்திருந்தோம், அது வேறு. ஆனாலும் பால்வெட்டுகாரர்களின் வங்கிக் கணக்கு எண்ணை ஒரே ஒரு பாஸ்வேர்டை நம்பி ரோட்டில் வைக்க எங்கள் மூவருக்கும் மனசு வரவில்லை. அதில் என் அப்பாவின் எண்ணும் இருக்கிறது.

சரி, அணையை உடைக்காமல் அடைப்பைக் கண்டுபிடிப்பது எப்படி? கால்வாயில் தண்ணீர் வராவிட்டால் நம் ஊரில் என்ன செய்வார்கள்? தலைமடையிலிருந்து ஒவ்வொரு மடையாகப் பார்த்துக்கொண்டே நடப்பார்கள். இங்கேயும் அதுதான் வழி.

நடப்பதற்கு முன்னால் எர்ரர் என்ன சொல்கிறது என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். பலர் சிவப்பு எழுத்தைக் கண்டதுமே பதறிவிடுகிறார்கள், வாசிப்பதில்லை. ஒவ்வொரு எர்ரருக்கும் ஒரு அர்த்தம் உண்டு. "டைம்டு அவுட்" என்றால் நாம் அனுப்பிய பாக்கெட் வழியில் எங்கோ காணாமல் போய்விட்டது, யாரும் பதிலே சொல்லவில்லை. "கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு" என்றால் வீடு வரை போய்விட்டோம், அந்தக் கதவில் ஆள் இல்லை. போர்ட் நம்பர் மாறியிருக்கலாம், போஸ்ட்கிரெஸுக்கு 5432, மை எஸ்.க்யூ.எல்.லுக்கு 3306. பெயரையே கண்டுபிடிக்க முடியவில்லை என்று வந்தால் டி.என்.எஸ். பக்கம் பார்க்க வேண்டும். "பாஸ்வேர்டு ஆதென்டிகேஷன் ஃபெயில்டு" என்று வந்தாலோ சந்தோஷப்படுங்கள்! பாதை முழுவதும் சரி, சாவி மட்டும்தான் சரியில்லை.

எங்களுக்கு வந்தது டைம்டு அவுட். அதிலும் ஒரு சிக்கல் பாருங்கள். லாம்ப்டாவுக்கு நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் மூன்றே வினாடிதான் ஆயுள். டேட்டாபேஸ் டிரைவர் அதைவிட அதிக நேரம் பொறுமையாகக் காத்திருக்கும். டிரைவர் "எனக்குப் பதில் வரவில்லை" என்று வாய் திறப்பதற்குள் லாம்ப்டா அதன் கழுத்தைப் பிடித்துவிடுகிறது. எனவே எந்த இடத்தில் நின்றது என்று லாகில் தெரிவதில்லை. லாம்ப்டாவின் நேரத்தை 15 வினாடியாக்கி, டிரைவரின் கனெக்ட் டைம்அவுட்டை 5 வினாடியாக வைத்தால் அது தன் குறையைச் சொல்லிவிட்டுத்தான் சாகும்.

அடுத்து, பெரிய புரோகிராமை ஓரமாக வைத்துவிட்டுப் பத்து வரியில் ஒரு சோதனை ஃபங்ஷன் எழுதினோம். பைத்தானில் சாக்கெட் என்ற லைப்ரரி கூடவே வருகிறது. முதலில் டேட்டாபேஸின் பெயரைக் கொடுத்து அதன் முகவரி என்ன என்று கேட்டு அச்சடிக்க வேண்டும். பிறகு அந்த முகவரியின் 5432 போர்ட்டை 3 வினாடி அவகாசத்தில் தொட்டுப் பார்க்க வேண்டும். யூசர் நேம் வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம், எஸ்.க்யூ.எல். வேண்டாம். பாதை மட்டும் இருக்கிறதா என்று பார்ப்பது. முக்கியமான விஷயம், இந்த ஃபங்ஷனை உண்மையான புரோகிராம் இருக்கும் அதே சப்நெட்டில், அதே செக்யூரிட்டி குரூப்பில் வைக்க வேண்டும். வேறு இடத்தில் வைத்துச் சோதித்தால் வேறு கால்வாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்த கதைதான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். லாம்ப்டா சாதாரணமாக நம் வி.பி.சி.க்குள் ஓடுவதில்லை, அமேசானின் சொந்த நெட்வொர்க்கில் ஓடுகிறது. நம் வேலிக்குள் வரச் சொல்லி சப்நெட்டையும் செக்யூரிட்டி குரூப்பையும் குறிப்பிட வேண்டும். இந்த வசதி 2016 பிப்ரவரியில்தான் வந்தது. ஆரம்பத்தில் இப்படி இணைத்தால் முதல் தடவை எழுந்திருக்கவே பத்து வினாடிக்கும் மேல் பிடிக்குமாம். 2019 செப்டம்பர் முதல் அந்த முறையை மாற்றிவிட்டார்கள். பழைய புத்தகத்தைப் படித்துவிட்டு "வி.பி.சி.யில் போட்டால் ஸ்லோ" என்று சொல்பவர்களை இன்றைக்கும் பார்க்கலாம், நம்ப வேண்டாம். இணைப்பதற்கு லாம்ப்டாவின் ரோலுக்கு நெட்வொர்க் கார்டு உருவாக்கும் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாவிட்டால் இணைக்கும்போதே எர்ரர் வந்துவிடும், ஒளித்து வைத்துக் கழுத்தறுக்காது.

சோதனை ஃபங்ஷன் சொன்ன பதில் இது. பெயருக்கு 10 என்று தொடங்கும் முகவரி கிடைத்தது, ஆக டி.என்.எஸ். சரி. போர்ட்டைத் தொட்டால் டைம்டு அவுட். அப்படியென்றால் அடைப்பு நடுவில். ஒரே வி.பி.சி.க்குள் இருக்கும் சப்நெட்களுக்கு நடுவே பாதை தானாகவே இருக்கும், எனவே ரூட் டேபிளைக் குறை சொல்ல முடியாது. மீதி இருப்பது காவல்காரர்தான்.

அந்தக் காவல்காரரின் பெயர் செக்யூரிட்டி குரூப். அவர் தெரியாத ஆளைக் கண்டால் "போ" என்றுகூடச் சொல்ல மாட்டார். கண்டும் காணாத மாதிரி இருந்துவிடுவார். அதனால்தான் டைம்டு அவுட் வருகிறது. புதிதாக உருவாக்கிய டேட்டாபேஸுக்கு நம் ஃபங்ஷன் யாரென்று தெரியாது. டேட்டாபேஸின் செக்யூரிட்டி குரூப்பில் உள்வரும் ரூல் ஒன்று எழுத வேண்டும், போர்ட் 5432, வருகிறவர் லாம்ப்டாவின் செக்யூரிட்டி குரூப். இந்த இடத்தில் ஐ.பி. முகவரியை எழுதக் கூடாது. லாம்ப்டாவின் முகவரி மாறலாம், குரூப்பின் அடையாளம் மாறாது. வந்தவருக்குப் பதில் போவதற்குத் தனி ரூல் வேண்டாம், அந்தக் காவல்காரர் ஞாபகம் வைத்திருப்பார். சப்நெட்டின் வாசலில் நெட்வொர்க் ஏ.சி.எல். என்று இன்னொருவர் உண்டு, அவருக்குத்தான் ஞாபக மறதி, போகவும் வரவும் தனித்தனி ரூல் கேட்பார். ஆனால் யாரும் கை வைக்காதவரை அவர் எல்லாரையும் விட்டுவிடுவார் என்பதால் அவரை முதலில் சந்தேகப்பட வேண்டியதில்லை.

ரூல் எழுதி சேவ் செய்து சோதனை ஃபங்ஷனை ஓட்டினோம். சில மில்லி செகண்டில் கதவு திறந்தது! மூவரும் கை தட்டிவிட்டுப் பெரிய புரோகிராமை ஓட்டினால்... மறுபடியும் டைம்டு அவுட்!

நண்பர்களே, இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இந்த இடத்துக்காகத்தான். காய்ச்சல் ஒன்றுதான், நோய் வேறு. டேட்டாபேஸ் வரை பாதை இருக்கிறது என்று சோதனை ஃபங்ஷன் நிரூபித்துவிட்டது. அப்படியானால் பெரிய புரோகிராம் டேட்டாபேஸிடம் போவதற்கு முன்னாலேயே எங்கோ நிற்கிறது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு பிரிண்ட் போட்டுப் பார்த்ததில் அகப்பட்டது. பாஸ்வேர்டைப் புரோகிராமில் எழுதக் கூடாது என்பதற்காக சீக்ரெட்ஸ் மேனேஜர் என்ற சேவையில் வைத்து, ஓடும்போது எடுக்கும்படி இருந்தது. அந்தச் சேவை நம் வேலிக்கு வெளியே இருக்கிறது. வி.பி.சி.க்குள் வந்துவிட்ட லாம்ப்டாவுக்கோ வெளி உலகமே கிடையாது. பப்ளிக் சப்நெட்டில் வைத்தாலும் அதற்கு வெளி முகவரி கொடுப்பதில்லை. ஆக, டேட்டாபேஸைத் தொட வேலிக்குள் வந்தது, வந்ததால் சாவி எடுக்கக் கடைக்குப் போக முடியவில்லை.

இதற்கு வழக்கமாகச் சொல்லும் வைத்தியம் நாட் கேட்வே. அது உள்ளே இருப்பவரை வெளியே அனுப்பும், வெளியே இருப்பவரை உள்ளே விடாது. நல்ல பொருள்தான். ஆனால் யாராவது உபயோகித்தாலும் இல்லாவிட்டாலும் மணிக்கணக்கில் காசு ஓடும். மாதத்துக்கு 30 டாலருக்கு மேல், நம் பணத்தில் 2,500 ரூபாய்க்கு மேல். புதுக் கணக்குக்குக் கொடுத்த கிரெடிட்டில் காலம் தள்ளிக்கொண்டிருந்த எங்களுக்கு இது கட்டுப்படியாகாது, சங்கத்துக்கும் ஆகாது. தவசிப்பிள்ளைக்குப் பந்தி நடக்கும் நேரத்துக்கு மட்டும் கூலி என்றுதானே சர்வர்லெஸுக்கு வந்தோம்? வாசல்காரருக்கு வருஷம் முழுக்கச் சம்பளம் என்றால் என்ன பிரயோஜனம்! சீக்ரெட்ஸ் மேனேஜருக்கு மட்டும் வேலிக்குள் ஒரு ஜன்னல் வைக்கலாம், இன்டர்ஃபேஸ் எண்ட்பாயின்ட் என்று பெயர். அது நாட் கேட்வேயைவிட மலிவு, ஆனாலும் மணிக்கணக்குதான். எஸ் 3, டைனமோ டிபி இரண்டுக்கும் கேட்வே எண்ட்பாயின்ட் என்ற இலவச ஜன்னல் இருக்கிறது, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குக் கை கொடுத்தது ஐ.ஏ.எம். ஆதென்டிகேஷன். இதில் பாஸ்வேர்டே இல்லை. லாம்ப்டாவுக்கு அமேசான் தானாகவே தற்காலிகச் சாவிகளைக் கொடுத்துத்தான் அனுப்புகிறது. அதை வைத்து லாம்ப்டா உள்ளுக்குள்ளேயே ஒரு சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டு டேட்டாபேஸிடம் காட்டுகிறது. சீட்டு எழுத நெட்வொர்க்கே தேவையில்லை, அதனால் நாட் கேட்வேயும் வேண்டாம், ஜன்னலும் வேண்டாம். சீட்டுக்கு ஆயுள் 15 நிமிஷம், யார் கையில் சிக்கினாலும் பெரிய பயமில்லை. டேட்டாபேஸில் அந்த வசதியை ஆன் செய்து, யூசருக்கு ஆர்.டி.எஸ்._ஐ.ஏ.எம். என்ற ரோலைக் கொடுத்து, லாம்ப்டாவின் ரோலுக்குக் கனெக்ட் அனுமதியும் கொடுக்க வேண்டும். எஸ்.எஸ்.எல். கட்டாயம். ஆர்.டி.எஸ்.ஸில் போஸ்ட்கிரெஸ் 15 முதல் சாதாரண பாஸ்வேர்டுக்கும் அது கட்டாயம்தான். எஸ்.எஸ்.எல். இல்லாமல் போனால் "நோ பி.ஜி. ஹெச்.பி.ஏ. என்ட்ரி" என்று புரியாத பாஷையில் திட்டும். அதற்கும் நெட்வொர்க்குக்கும் சம்பந்தமில்லை.

கூகுளிலும் மைக்ரோசாஃப்டிலும் பெயர்கள்தான் மாறுகின்றன. கூகுள் கிளவுட் ரன்னிலிருந்து பிரைவேட் ஐ.பி. உள்ள டேட்டாபேஸுக்குப் போக வி.பி.சி. கனெக்டர் வைக்கிறவர்கள் அதற்கென்று 16 முகவரிகள் கொண்ட தனி சப்நெட் ஒதுக்க வேண்டும், கனெக்டரும் புரோகிராமும் ஒரே ரீஜியனில் இருக்க வேண்டும். அஷ்யூரில் அதிகமாகக் கோளாறு செய்வது டி.என்.எஸ். பிரைவேட் டி.என்.எஸ். ஸோனை இணைக்காவிட்டால் டேட்டாபேஸின் பெயருக்கு உள் முகவரிக்குப் பதிலாக வெளி முகவரி வந்து நிற்கும். எந்தக் கம்பெனியாக இருந்தாலும் அந்தப் பத்து வரிச் சோதனை ஃபங்ஷன் உதவும்.

இணைப்பு கிடைத்த பிறகு வரும் நோய் ஒன்று உண்டு. பந்திக்கு ஆள் கூடக்கூட தவசிப்பிள்ளைகள் பெருகுவது போல லாம்ப்டாவும் பெருகும். ஒரு அக்கவுண்டுக்கு ஒரு ரீஜியனில் ஆயிரம் வரை ஒரே நேரத்தில் ஓடலாம், புது அக்கவுண்டுக்குக் குறைவாகவும் இருக்கும். ஒவ்வொன்றும் டேட்டாபேஸில் தனி இணைப்பு கேட்கும். 1 ஜி.பி. மெமரி உள்ள சின்ன போஸ்ட்கிரெஸ் நூறு இணைப்பு தாங்கினாலே பெரிது. எனவே இணைப்பை ஹேண்ட்லருக்கு வெளியே ஒருமுறை திறந்து திரும்பத் திரும்ப உபயோகிக்க வேண்டும், லாம்ப்டாவின் எண்ணிக்கைக்கும் வரம்பு வைக்க வேண்டும். பெரிய ஆப் என்றால் 2020-ல் வந்த ஆர்.டி.எஸ். புராக்ஸி இருக்கிறது, அதற்கும் மணிக்கணக்கு உண்டு. ரப்பர் சங்கத்துக்கு அது வேண்டாம்.

"அப்படிப் பூட்டி வைத்தால் டேபிளை எப்படி உருவாக்கினீர்கள்?" என்று சிலர் கேட்டார்கள். நல்ல கேள்வி. டேபிள் உருவாக்கவும் ஒரு தனி லாம்ப்டா எழுதி, வேலிக்குள் வைத்து ஒருமுறை ஓட்டிவிட்டு அழித்துவிட்டோம். லேபிலிருந்து நேரடியாக டேட்டாபேஸைத் தொட எங்களுக்கும் வழி கிடையாது. ஆப் ஓடத் தொடங்கிய பிறகும் வாரம் ஒருமுறை லேப் மெஷினிலிருந்து 5432 போர்ட்டைத் தட்டிப் பார்க்கிறோம். இதுவரை டைம்டு அவுட்தான் வருகிறது, அப்படித்தான் வரவும் வேண்டும். என்றைக்காவது அங்கிருந்து இணைப்பு கிடைத்துவிட்டால் அன்றைக்கே செக்யூரிட்டி குரூப்பைத் திறந்து யார் என்ன ரூல் எழுதினார்கள் என்று பார்க்க வேண்டும்.